பிரசங்க மேசை – 9: நூற்று ஐம்பத்து மூன்று மீன்

பகுதி எதைப் பற்றிப் பேசுகிறது, அதைப் பற்றி என்ன சொல்கிறது? ஒரு வேதப்பகுதியின் மையக்கருத்தைக் கண்டுபிடிக்க, பிரசங்கக்கலைப் பேராசிரியர் ஹேடன் ராபின்சன் கேட்கச் சொன்ன இரண்டு கேள்விகள் இவை. மறந்தவர்கள் போன வார இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் சங்கீதங்களுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். யோவான் 21 விட்டால்தானே!

எல்லாம் அந்த 153-ஆல் வந்தது. உயிர்த்தெழுந்த இயேசு சொன்னபடி வலதுபுறம் போட்ட வலையில் சிக்கிய மீன்களின் எண்ணிக்கை. அகஸ்டின் பத்துக் கட்டளைகளோடு ஆவியின் ஏழு வரங்களைச் சேர்த்து 17 ஆக்கினார். ஒன்றிலிருந்து 17 வரை கூட்டிப் பாருங்கள், 153. ஜெரோமோ, மீன் வகைகளே மொத்தம் 153 என்று எழுதியவர்களைச் சாட்சிக்கு இழுத்து, சகல ஜனங்களும் வலைக்குள் வருவதைக் கண்டார். என் பங்குக்கு ஒன்று: 1, 5, 3 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் அதே 153. வாரத்தில் பாதி இதிலேயே போய்விட்டது.

நெட்டுக்குப்பத்து மீனவர்களுக்கு இந்தச் சிரமமே இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம். பொடிமீன் என்றால் கூடையில் அள்ளிக் கொட்டுவார்கள். பெரிய மீன் என்றால் எண்ணித்தான் போடுவார்கள். ஏலம் இருக்கிறது, பங்கு இருக்கிறது. சிக்கியவை பெரிய மீன்கள் என்று யோவானும் மறக்காமல் எழுதியிருக்கிறார். அன்று தொழிலுக்குப் போனவர்கள் ஏழு பேர். ஆளுக்கு 21 போக மிச்சம் 6. படகுப் பங்கு, வலைப் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

எண்ணுக்கு மயங்காத பிரசங்கியார் வலதுபுறத்துக்கு மயங்குவார். கீழ்ப்படிந்து வலை போடு, ஆசீர்வாதம் கொட்டும் என்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்துக்குள் வந்தபோது, இந்தக் குப்பங்களின் படகும் வலையும் கறுத்துப் போயின. மீனவர்களே வாளியால் அந்த எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எந்தப் பக்கம் வலை போட்டிருக்க வேண்டும்?

ஒரு வழி சொல்கிறேன். 153-ஐ எடுத்துவிட்டு அதிகாரத்தைப் படியுங்கள், ஒன்றும் குறையாது. கரையில் எரியும் நெருப்பை எடுத்துவிட்டால்? பேதுரு வலையை இழுத்து வருவதற்கு முன்பே அதில் மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்ந்தபடி பேதுரு இயேசுவை அறியேன் என்று சொன்னதும் இப்படியொரு நெருப்போரத்தில்தான். அங்கே மூன்று மறுதலிப்பு. இங்கே, சாப்பிட்டு முடித்தபின், ‘என்னை நேசிக்கிறாயா?’ என்று மூன்று கேள்வி.

ஆக, ராபின்சனின் இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே வாக்கியம்: தம்மை மறுதலித்தவனை இயேசுவே தேடிவந்து, பசியாற்றி, தம் ஆடுகளை அவனிடம் ஒப்படைக்கிறார். மீன்பாடே இல்லாத நாளிலும் நெட்டுக்குப்பத்தில் நின்று இதைச் சொல்லலாம்.

இதில் இன்னொரு வில்லங்கம். யோவான் தாம் எழுதிய நோக்கத்தை 20-ஆம் அதிகாரக் கடைசியிலேயே சொல்லி நூலை முடித்துவிட்டவர் போலத் தெரிகிறார். பிறகு எதற்கு 21? மையக்கருத்தைப் பகுதியிலிருந்து மட்டும் எடுப்பதா, முழு நூலையும் வைத்துப் பார்ப்பதா? அது அடுத்த வாரம். சங்கீதங்கள் அதற்கும் அப்புறம்.