கையை தூக்க முடியலையா? 'கரண்ட்' வைத்தால் மட்டும் போதாது! பிசியோதெரபிக்கு போனால் என்னென்ன நடக்கும்?

சென்னை:

பெயிண்ட் அடிப்பவருக்கு கைதான் மூலதனம். அந்த கை ஒருநாள் தலைக்கு மேலே போக மறுக்கிறது. சட்டை மாட்டினால் தோள்பட்டையில் 'சுரீர்' என்கிறது. ராத்திரி அந்த பக்கம் திரும்பி படுக்க முடியவில்லை. தைலம் தேய்த்து, மெடிக்கலில் மாத்திரை வாங்கி போட்டு இரண்டு மாதத்தை ஓட்டியாச்சு. கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்கு போனால், எலும்பு டாக்டர் ஓ.பி. சீட்டில் 'பிசியோதெரபி' என்று எழுதி கொடுக்கிறார்.

பெயிண்டர், கொத்தனார், லோடுமேன், தையல்காரர் என்று கையை நம்பி பிழைக்கும் பலருக்கும் நடக்கிற கதைதான் இது. குழப்பமும் இங்கேதான் ஆரம்பம். 'நாலு நாள் கரண்ட் வைப்பாங்க, அவ்வளவுதானே' என்று நினைத்து போகிறார்கள். வலி கொஞ்சம் குறைந்ததும், 'கூலி போகுதே' என்று நின்று விடுகிறார்கள். இறுகிய கை இறுகியபடியே இருக்கிறது.

முதல் நாள் கேள்விதான் அதிகம்

பிசியோதெரபிஸ்ட் எடுத்தவுடனே மெஷினை போட மாட்டார். முதலில் கேள்வி கேட்பார். வலி எப்போ ஆரம்பிச்சது? விழுந்தீங்களா? ராத்திரி தூக்கம் கெடுதா? கை மரத்து போகுதா? என்ன வேலை பார்க்கிறீங்க? சர்க்கரை, பிரஷர் இருக்கா? என்று வரிசையாக கேட்பார்.

'வலிக்கு 10-க்கு எத்தனை மார்க் போடுவீங்க?' என்றும் கேட்பார். இது விளையாட்டு இல்லை. இன்றைக்கு 8 என்று சொன்னவர் அடுத்த மாதம் 4 என்று சொன்னால், சிகிச்சை வேலை செய்கிறது என்று தெரிந்து கொள்ளலாம்.

பிறகு கையை முன்னால், பக்கவாட்டில், முதுகுக்கு பின்னால் தூக்க சொல்வார். எவ்வளவு தூரம் போகிறது என்று ஸ்கேல் மாதிரி ஒரு கருவியை வைத்து டிகிரி கணக்கில் அளப்பார். கையை அழுத்தி பிடித்து, எதிர்த்து தள்ள சொல்லி பலத்தையும் பார்ப்பார்.

பழைய எக்ஸ்ரே, டாக்டர் சீட்டு, சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்து போவது நல்லது. தோள்பட்டை என்றால் முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான சட்டை வசதி.

பெண்கள் தயங்க வேண்டாம். திரை போட சொல்லி கேட்கலாம். பெண் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்று விசாரிக்கலாம். கூட ஒருவரை வைத்து கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் 'நிறுத்துங்க' என்று சொல்லவும் உரிமை உண்டு.

கரண்ட் எதுக்கு?

ஒத்தட பை, மெழுகு ஒத்தடம், அல்ட்ராசவுண்ட், 'கரண்ட்' என்று மக்கள் சொல்லும் மின்சிகிச்சை, இவை எல்லாம் வலியை கொஞ்ச நேரம் அடக்கி வைக்கத்தான். வலி அடங்கிய அந்த நேரத்தில் கையை அசைத்து பழக வேண்டும். அதுதான் உண்மையான மருந்து.

தோள்பட்டை மூட்டை சுற்றி பை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது. அது வீங்கி, தடித்து, சுருங்கி போவதைத்தான் டாக்டர்கள் 'ப்ரோசன் ஷோல்டர்' என்கிறார்கள். 40 வயதை தாண்டியவர்களுக்கும், குறிப்பாக சர்க்கரை நோயாளிகளுக்கும் அதிகம் வரும். சுருங்கிய சவ்வு ஒரே நாளில் விரியாது. மாத கணக்கு ஆகும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும். 'ஒரே சிட்டிங்கில் சரி பண்றேன்' என்று யாராவது சொன்னால் உஷாராக இருக்க வேண்டும். வலியோடு இருக்கிற கையை முரட்டுத்தனமாக பிடித்து இழுத்தால் வலி கூடத்தான் செய்யும்.

நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், உடம்புக்குள் பிளேட், ஸ்குரூ வைத்தவர்கள் மெஷின் போடும் முன்பே அதை சொல்லி விட வேண்டும். சர்க்கரையால் மரத்து போன இடம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சூடு தெரியாமல் தோல் வெந்து போகலாம்.

வீட்டிலேதான் பாதி வைத்தியம்

தோள்பட்டைக்கு வழக்கமாக சொல்லி தரும் பயிற்சிகள் ரொம்ப எளிது. நல்ல கையை மேஜையில் ஊன்றி குனிந்து, வலிக்கிற கையை தொங்க விட்டு மெதுவாக ஆட்டுவது ஒன்று. சுவரை பார்த்து நின்று, பல்லி ஏறுவது போல விரல்களால் மேலே ஏறுவது இன்னொன்று. எது, எத்தனை தடவை என்பதை பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு சொன்னதை பார்த்து செய்ய கூடாது.

பயிற்சி செய்யும்போது லேசாக இழுக்கும், கொஞ்சம் வலிக்கும். சிறிது நேரத்தில் அடங்கி விட்டால் பயம் இல்லை. மறுநாளும் வலி கூடவே இருந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். பயிற்சியை விட்டு விடாமல், அடுத்த முறை போகும்போது சொல்லி குறைத்து வாங்க வேண்டும்.

தினமும் வந்தால் கூலி போகும் என்பதையும் மறைக்க வேண்டாம். 'சார், வாரம் ஒருநாள்தான் வர முடியும். வீட்டிலே செய்யற மாதிரி சொல்லி கொடுங்க' என்று முதல் நாளே கேட்டு விடலாம். அதற்கு தகுந்தபடி பயிற்சியை மாற்றி தருவார். ஏணியில் நின்று மேல் சுவர் அடிப்பதை கொஞ்ச நாள் தள்ளி வைத்து, கீழ் சுவர் அடிக்கலாமா என்பதையும் அங்கேயே கேட்கலாம். சொல்லாமல் நின்று விடுவதுதான் நஷ்டம்.

எங்கே போகலாம்?

அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமும் உள்ளது. பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய 'மக்களை தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

இதற்கெல்லாம் காத்திருக்க கூடாது

இடது தோள், கை வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சு திணறல் இருந்தால் அது தோள்பட்டை பிரச்சினை இல்லாமல் இருக்கலாம். உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும். முதுகுவலியோடு கால் பலம் இழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கில் மரத்து போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். கீழே விழுந்த பிறகு கையை தூக்கவே முடியாவிட்டால் முதலில் எக்ஸ்ரே, அப்புறம்தான் பயிற்சி.

மற்றவர்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. சுவரில் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு தேதி எழுதி வைக்கலாம். அடுத்த வாரம் கோடு அரை அங்குலம் ஏறினாலும் லாபம்தான். நாலு நாளில் தெரியாத குணம் நாற்பது நாளில் சுவரிலேயே தெரியும்.