கூறுபட்ட மரபுப்பொருளும் குழந்தை மரணமும்

குழந்தைகளின் கடும் வயிற்றோட்டத்துக்குக் காரணமான றொட்டா வைரசை 1973இல் மெல்போர்ணில் றூத் பிஷப் குழுவினர் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் இனங்கண்டனர். அதன் மரபுப்பொருள் ஈரிழை ஆர்.என்.ஏ.யாலான 11 தனித்தனிக் கூறுகளைக் கொண்டது. மனித வைரசும் மாட்டு வைரசும் ஒரே கலத்தினுட் புகின் அவை இக்கூறுகளைப் பரிமாறிக்கொள்ளக்கூடும். டில்லியில், நோய்க்குறியற்ற பச்சிளங் குழந்தைகளிடம் பெறப்பட்ட 116ஈ வைரசு அவ்வாறு இயற்கையாய்த் தோன்றியதாகும்: 10 கூறுகள் மனித வைரசுக்குரியன, ஒன்று மாட்டு வைரசுக்குரியது. அதிலிருந்து ஆக்கப்பட்ட தடுப்பு மருந்து 2016இல் இந்தியாவின் பொது நோய்த்தடுப்புத் திட்டத்திற் சேர்ந்தது.

இவ்வைரசு செல்வந்த நாடுகளிலும் வறிய நாடுகளிலும் குழந்தைகளைத் தொற்றுகின்றது. மரணங்களோ, உடல்நீரிழப்பை உரியவேளையில் ஈடுசெய்யும் மருத்துவம் எட்டாத வறியோரிடையே மிகுகின்றன. ஆகவே, நோய்க்காரணியை உயிரியல் விளக்கினும், மரணத்தின் பங்கீட்டைச் சமூக பொருளாதார அமைப்பைக் கொண்டே விளக்கல் வேண்டும் என்பது எமது கருத்தாகும்.