வார்த்தைக்கு 40 பைசா கட்டுமா? பெரம்பலூர், அரியலூரில் இருந்தே எழுதுபவர்கள் ரேட்டை உயர்த்துவது எப்படி?

"ஆயிரம் வார்த்தைக்கு 400 ரூபா. ஓகேன்னா சொல்லுங்க, இல்லைன்னா வேற ஆள் இருக்காங்க."

வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருந்தே வேலை, லேப்டாப் இருந்தால் போதும், சென்னைக்குப் போய் ரூம் எடுக்க வேண்டாம். பெரம்பலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ டிகிரி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இது நல்ல வாய்ப்பாகத்தான் தெரியும். ஆனால் ஓகே சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

400 ரூபாய், உண்மையில் எவ்வளவு?

ஆயிரம் வார்த்தைக் கட்டுரை என்றால் தகவல் தேட 2 மணி நேரம், எழுத 3 மணி நேரம், திருத்த 1 மணி நேரம், போன், மெசேஜ், கரெக்‌ஷன் என்று இன்னொரு மணி நேரம். மொத்தம் 7 மணி நேரம். அதாவது ஒரு முழு நாள்.

மாதத்தில் 25 நாள் உழைத்தாலும் அத்தனை நாளும் வேலை வராது. 5 நாள் வேலை தேடவே போய்விடும். மீதி 20 நாளில் 20 கட்டுரை என்றால் 8,000 ரூபாய். இன்டர்நெட், மொபைல், கரண்ட் செலவு 1,000 ரூபாயைக் கழித்தால் 7,000. இதை 25 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 280 ரூபாய்.

2025-26 நிதியாண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு கண் எரிய எழுதுகிறோம் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

சரி, எவ்வளவு கேட்கலாம்?

'மார்க்கெட் ரேட் என்ன?' என்று கேட்பதற்கு முன் 'எனக்கு எவ்வளவு தேவை?' என்று கேளுங்கள்.

கையில் மாதம் 20,000 ரூபாய் நிற்க வேண்டும். செலவு 2,000. உடம்பு சரியில்லாத நாள், லேப்டாப் ரிப்பேர், வேலை வராத மாதம் ஆகியவற்றுக்காக ஒதுக்க 3,000. மொத்தம் 25,000. இதை 20 கட்டுரைக்கு வகுத்தால் ஒரு கட்டுரைக்கு 1,250 ரூபாய். உங்கள் தேவை வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை இதுதான். வருகிற தொகைதான் உங்கள் அடிமட்ட ரேட். அதற்குக் கீழே போகும் ஒவ்வொரு வேலையிலும் உங்கள் கைக்காசைப் போட்டு வேலை பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது

வார்த்தைக்கு இவ்வளவு என்ற கணக்கு ஆங்கிலத்துக்காக வந்தது. தமிழில் அது எழுதுபவருக்கு நஷ்டம். 'வந்துகொண்டிருந்தபோது' என்பது தமிழில் ஒரே வார்த்தை. இதையே ஆங்கிலத்தில் சொல்ல மூன்று, நான்கு வார்த்தை வேண்டும். ஒரே விஷயத்தைச் சொல்லும் கட்டுரை தமிழில் குறைந்த வார்த்தையில் முடிந்துவிடும். உழைப்பு குறையாது, காசு மட்டும் குறையும்.

எனவே கட்டுரைக்கு இவ்வளவு, வீடியோ ஸ்கிரிப்ட்டுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் ஆங்கில மூலத்தில் எத்தனை வார்த்தை இருக்கிறதோ அதை வைத்து ரேட் சொல்லுங்கள்.

ரேட் கூட வேண்டுமானால், எதை எழுதுவது?

'உடல் எடை குறைக்க 10 வழிகள்' போன்ற பொதுவான கட்டுரைக்கு இனி ரேட் ஏறுவது கஷ்டம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்த மாதிரி கட்டுரையை யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். நேரில் போய்ப் பார்த்து, ஆளிடம் பேசி எழுதுவதை அப்படி எடுக்க முடியாது. இதில்தான் ஊரில் இருப்பவர்களுக்குப் பலம்.

நம்ம ஊர்ப் பக்கம் எழுத என்ன இருக்கிறது என்று பாருங்கள்:

• பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டு பழமையானது. காரையிலும் அரியலூர்ச் சுரங்கப் பகுதிகளிலும் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அந்தப் பழைய கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்தான் அரியலூரில் இத்தனை சிமெண்ட் ஆலைகள் இருப்பதற்கும் காரணம்.

• கங்கைகொண்ட சோழபுரம் கோயில் 2004 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். கரைவெட்டி பறவைகள் சரணாலயத்துக்கு 2024-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது.

• மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் பெரம்பலூர் விவசாயிகளுக்கு அன்றாடப் பேச்சு. மக்காச்சோளத்தில் படைப்புழு எப்படி இறங்குகிறது என்பதை வயலில் நின்று பார்த்தவர் எழுதுவதற்கும், நெட்டில் படித்தவர் எழுதுவதற்கும் வித்தியாசம் தெரியும்.

சுற்றுலா நிறுவனம், விதை கம்பெனி, பள்ளிப் பாடநூல் பதிப்பகம், யூடியூப் சேனல் என்று இந்த அறிவுக்குக் காசு கொடுக்கக்கூடியவர்கள் வேறு வேறு இடங்களில் இருக்கிறார்கள். ஒரு துறையைப் பிடித்து, அதில் நாலைந்து நல்ல கட்டுரைகளை மாதிரியாக வைத்துக்கொண்டு நீங்களே அவர்களை அணுகலாம்.

"கொஞ்சம் குறைச்சுக்கோங்க"ன்னு கேட்டால்?

ரேட்டைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். "அந்த பட்ஜெட்னா 600 வார்த்தையில முடிச்சுத் தர்றேன் சார், ஒரு தடவை கரெக்‌ஷன்" என்று சொல்லலாம். இப்படிச் சொன்னால் உறவும் கெடாது, உங்கள் ரேட்டும் விழாது.

பழைய கிளையன்ட்டிடம் திடீரென்று இரண்டு மடங்கு கேட்டால் வேலை போய்விடும். புது ரேட்டை முதலில் புது ஆட்களிடம் சொல்லுங்கள். அது நின்றுவிட்டால், குறைவாகக் கொடுக்கும் பழைய ஆளிடம் ஒரு மாதம் முன்பே தகவல் சொல்லி ஏற்றுங்கள். ஒரு பைசா கூட ஏற்ற மாட்டேன் என்கிற இடத்தை விடும் தைரியமும் அப்போது தானாக வரும்.

வேலை தொடங்கும் முன் ஒரு மெயிலிலாவது இந்த ஐந்தையும் எழுதி வாங்கிவிடுங்கள்: மொத்தத் தொகை, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை முறை திருத்தம், எப்போது பணம், எழுத்து எங்கெல்லாம் பயன்படும்.

காசு வரவில்லை என்றால் சட்டம் உதவுமா?

உதவும். ஆனால் அதற்கு நீங்கள் முன்கூட்டியே ஒரு வேலை செய்திருக்க வேண்டும். மத்திய அரசின் உத்யம் தளத்தில் சேவைப் பிரிவில் குறு நிறுவனமாகப் பதிவு செய்யலாம். ஆதார், பான் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை. பிரச்சினை வந்த பிறகு பதிவு செய்தால் சிக்கல், வேலை எடுக்கும் முன்பே செய்துவிடுங்கள்.

பதிவு செய்தவர்களுக்கு 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தருவதற்கான கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாளில் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த விகிதம் 6% என்று வைத்தால் வட்டி 18% ஆகிறது.

அப்படியும் தரவில்லை என்றால் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். புகார் மாநில அரசின் வசதியாக்கக் குழுவுக்குப் போகும். தீர்ப்பை எதிர்த்து அந்த நிறுவனம் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் 75%-ஐ முதலில் கட்ட வேண்டும்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 2017-லேயே ஃப்ரீலான்ஸர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 800 டாலர், அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம், தேதி குறிப்பிடவில்லை என்றால் வேலை முடிந்து 30 நாளில் பணம். இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லாததால் உத்யம் பதிவுதான் கையில் இருக்கும் ஆயுதம்.

எழுதியது யாருக்குச் சொந்தம்?

1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காத ஒருவர் எழுதியதற்கு அவர்தான் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்துப்பூர்வமாக, கையெழுத்துடன் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு, எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும்.

'முழு உரிமையும் எங்களுக்கே' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் அதற்குத் தனியாக விலை கேளுங்கள். கட்டுரையாக வாங்கியதை நாளை புத்தகமாகவோ ஆடியோவாகவோ போடுவதும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

டிடிஎஸ் பிடித்தால் பயப்பட வேண்டுமா?

2025 ஏப்ரல் முதல், தொழில்முறைக் கட்டணமாக ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தந்தால் பொதுவாக 10% டிடிஎஸ் பிடிக்கும். அந்தப் பணம் போய்விடவில்லை. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பான் கொடுக்காவிட்டால் 20% பிடிப்பார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவும் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை

எழுத்து வேலை தருகிறோம் என்று சொல்லி ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டெபாசிட், டிரெய்னிங் ஃபீஸ் கேட்டால் அது வேலை இல்லை, மோசடி. பணத்தை இழந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியது மூன்று. உங்கள் அடிமட்ட ரேட்டைக் கணக்குப் போட்டு எழுதி வையுங்கள். உத்யம் பதிவை முடியுங்கள். அடுத்து வரும் வேலைக்கு "எவ்ளோ தருவீங்க?" என்று கேட்காமல், "என் ரேட் இவ்ளோ" என்று முதலில் நீங்களே சொல்லுங்கள்.