ஆப்பிள் கள்ளும் எட்டு முழ வேட்டியும்

செப்டம்பர் பொறந்தா போதும், இந்த பிரிஸ்டல்ல பல வீட்டு வாசல்ல ஒரு அட்டைப்பெட்டி வந்து உட்கார்ந்துடும். உள்ளே ஆப்பிள், மேலே "எடுத்துக்கங்க"ன்னு ஒரு சீட்டு. நம்மூர்ல முருங்கை காய்ச்சா பக்கத்து வீட்டுக்கெல்லாம் போகுமே, அதே கதைதான். யாரும் எடுக்கலைன்னா குப்பைக்கு. பக்கத்துலயே சைடருக்குப் பேர்போன சாமர்செட். நாங்க சும்மா இருப்போமா?

சைடர்னா புளிச்ச ஆப்பிள் சாறு. நம்ம கள்ளுக்கு ஒண்ணு விட்ட தம்பி. கள்ளு கலயத்துலயே புளிக்க ஆரம்பிச்சுடும், இவர் கொஞ்சம் மந்தம், வாரக்கணக்கா இழுப்பார். சாறு பிழியத்தான் பிரெஸ் வேணும்பாங்க. வருஷத்துல ஒரு நாள் வேலைக்கு அவ்வளவு காசு போடணுமா? (18-ஆம் நூற்றாண்டுல டெவன் பக்கம் சைடர் குடிச்சவங்களுக்குப் பயங்கர வயித்துவலி. பிரெஸ்ஸுலயும் தொட்டியிலயும் இருந்த ஈயம்தான் காரணம்னு 1767-ல ஜார்ஜ் பேக்கர்ங்கிற டாக்டர் எடுத்துச் சொன்னார். இப்ப வர்ற பிரெஸ்ஸுல அந்த பயம் இல்லை, சும்மா சொல்லி வச்சேன்.)

மிக்ஸியில அரைக்கலாமேன்னு தோணும். வேணாம். சட்னிதான் வரும், துணி அடைச்சுக்கும், சொட்டு சொட்டாத்தான் இறங்கும். பிரெஸ் வேலையை ஃப்ரீசரே செய்யும். கழுவி, நாலா வெட்டி, ரெண்டு நாள் உறைய விடுங்க. பழத்துக்குள்ள தண்ணி பனிக்கட்டியாகி விரியும்போது செல் சுவரெல்லாம் கிழிஞ்சுடும். வெளியே எடுத்து உருக விட்டா பழம் பஞ்சு மாதிரி. நல்லா துவைச்சுக் கொதிக்க வச்ச வேட்டித்துணியில கட்டி முறுக்கினா சாறு ஓடும். கை விறைச்சுப் போகும், அதுக்கு ரூம்மேட்டுங்க இருக்காங்க. பத்து கிலோ பழத்துக்கு 4.5 லிட்டர் கண்ணாடி ஜாடி கிட்டத்தட்ட நிறையும். கலங்கலா, டீ கலர்ல இருக்கும், பயப்படாதீங்க.

ஒரே கண்டிப்பு: கீழே விழுந்து அடிபட்ட பழம் பரவாயில்லை, பூஞ்சை பிடிச்சது, அழுகினது வேண்டாம். அதுல பாட்டுலின்ங்கிற நஞ்சு இருக்கலாம். புளிப்பு பிராம்லி மட்டும் போட்டா முகம் கோணும், இனிப்பு ரகமும் கலந்துக்கங்க.

சாறுல கேம்ப்டன் மாத்திரை ஒண்ணை நுணுக்கிப் போட்டு, 24 மணி நேரம் கழிச்சு ஈஸ்ட் தூவி, ஏர்லாக் மாட்டி ஒரு மூலையில வைங்க. ஜாடி, குழாய் எல்லாம் முன்னாடியே கிருமிநாசினிப் பொடி போட்டுக் கழுவியிருக்கணும். முதல் வாரம் நுரை பொங்கும், அப்புறம் ராத்திரியெல்லாம் பொளக் பொளக்.

நிஜமா ஆபத்தான இடம் இனிமேதான். குமிழி நின்னுடுச்சேன்னு அவசரமா கண்ணாடி பாட்டில்ல அடைச்சா, மிச்ச சர்க்கரை உள்ளே புளிச்சு, காஸ் அழுத்தி, பாட்டில் வெடிக்கும். அஞ்சு பேர் புழங்குற கிச்சன்ல கண்ணாடி பறந்தா யார் கண்ணுல படும்னு சொல்ல முடியாது. காதை நம்பாதீங்க, ஹைட்ரோமீட்டரை நம்புங்க. ஆரம்பத்துல 1.050 பக்கம் காட்டும். 1.000 அல்லது அதுக்கும் கீழே வந்து, ஒரு வாரம் அசையாம நிக்கணும். அப்ப ஆல்கஹால் ஆறு சதவீதத்தை ஒட்டி இருக்கும். நான் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலைத்தான் எடுப்பேன். அரை லிட்டருக்கு அரை டீஸ்பூன் சர்க்கரை போட்டு, தினம் அமுக்கிப் பார்க்கிறது. கல்லு மாதிரி ஆனா உடனே ஃப்ரிட்ஜ்.

இங்கே சொந்தக் குடிக்குப் புளிக்க வைக்க லைசென்ஸ் வேண்டாம். விற்கிறதும், வடிச்சு சாராயம் ஆக்குறதும் வேற கதை. தமிழ்நாட்டு மக்கா, உங்களுக்கு 1937 மதுவிலக்குச் சட்டம் இருக்கு, படிச்சதோட நிறுத்திக்கங்க.

ருசி? கடை சைடர் மாதிரி தித்திக்காது. வறண்டு, லேசா துவர்ப்பா, கடைசியில மட்டும் ஆப்பிள் வாசனை. அக்டோபர்ல பிழிஞ்சா பொங்கலுக்குக் குடிக்கலாம். கிறிஸ்துமஸுக்கே திறக்கணும்னு ஒருத்தன் அடம் பிடிப்பான், விடாதீங்க.