மலைக்குடில் எடுக்குமுன்

சித்திரை வெயில் ஏறியதும் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “அப்பாவை அழைத்துக்கொண்டு கொடைக்கானலில் ஒரு குடில் எடுத்து இரண்டு நாள் தங்கலாமா, டாக்டர்?”

மன்னார்குடியின் வயல்வெளி ஏறக்குறைய கடல் மட்டம். கொடைக்கானலோ சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். நல்ல உடம்பு அதைப் பொருட்படுத்தாது. இதயச் செயலிழப்போ நாள்பட்ட நுரையீரல் அடைப்போ உள்ளவருக்கு நான்கு படி ஏறினாலே தெரிந்துவிடும்.

பிள்ளைகள் படத்தைப் பார்த்துப் பள்ளத்தாக்கு தெரியும் குடிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாங்கள் கேட்பது வேறு: வண்டி வாசல்வரை வருமா? கழிப்பறை அறைக்குள்ளேயே உள்ளதா? பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்துக் குடில்கள் அழகானவைதாம். ஆனால் நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் இருட்டில் மலைப்பாதையைக் கடந்துதான் நகரத்துக்கு வரவேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவருக்கு அவை வேண்டாம்.

எல்லாருக்கும் வற்புறுத்திச் சொல்வது ஒன்று. குளிருக்காக அறைக்குள் கரியடுப்பை வைத்துக் கதவைச் சாத்தி உறங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல் என்று தொடங்கும். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. குடில்காரர் அன்போடு கொண்டுவந்து வைத்தாலும் வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள். கூடுதலாகக் கம்பளி கேளுங்கள்.

மலை ஒத்துவராதவர்களுக்கு வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரையில் வனத்துறை விடுதி இருக்கிறது. சமதளம், உப்புக்காற்று. பறவைகளைக் காண மட்டும் மார்கழிவரை பொறுக்கவேண்டும்.