கமத்தின் வினைத்திறனை அளத்தல்

ஒரு கமத்தின் சிறப்பை விளைச்சலொன்றைக் கொண்டே மதிப்பிடுதல் பெருவழக்கு. ஆயினும், மிக்க விளைச்சலே மிக்க வினைத்திறன் ஆகாது. பெற்ற பயனை அதற்கெனச் செலவான நிலம், நீர், பசளை, உழைப்பு என்பவற்றோடு ஒப்புநோக்கியே வினைத்திறனை அறிதல் வேண்டும்.

1957ஆம் ஆண்டில் ஆங்கிலப் பொருளியலறிஞர் ஃபாரல் இதனை அளக்க ஒரு முறை வகுத்து, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வேளாண்மையை எடுத்துக்காட்டாகக் கொண்டார். கற்பனையானதோர் இலட்சியக் கமம் அவர்தம் அளவுகோலன்று. உள்ள கமங்களுள் மிகச் சிறந்தனவே அளவுகோலாகும். அவை 80 அலகு உள்ளீட்டாற் பெறும் விளைவைப் பிறிதொன்று 100 அலகாற் பெறின், அதன் தொழினுட்ப வினைத்திறன் 0.8 ஆகும். உள்ளீடுகளை அவற்றின் விலைக்கேற்ற விகிதத்திற் பயன்படுத்தல் விலை வினைத்திறன் எனப்படும். அது 0.75 எனின், இரண்டின் பெருக்கமாகிய 0.6 அக்கமத்தின் பொருளியல் வினைத்திறனாகும். அஃதாவது, செலவில் நூற்றுக்கு 40 பங்கு வீணாகின்றது.

எனினும், விலையில்லாப் பொருளுக்கு நேருங் கேட்டினை இக்கணக்குக் காட்டாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. சுண்ணாம்புக்கற் படையில் தேங்கும் மழைநீரே கிணறுகளில் ஊறுகின்றது. வெங்காயத்துக்கு இறைக்கும் நீரும் வீட்டாருக்குக் குடிநீரும் அதுவே. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. 100 கிலோகிராம் யூரியா இட்ட தோட்டத்தின் விளைபொருள் 20 கிலோகிராம் நைதரசனையே கொண்டுசெல்லுமாயின், எஞ்சுவது 26 கிலோகிராம். அதில் ஒரு பகுதி வளியிற் கலக்கும். ஒரு பகுதி மண்ணில் தங்கும். மற்றது நைத்திரேற்றாகி நிலத்தடி நீரை அடையும். குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டச் செய்கை செறிந்த இடங்களிற் கிணறுகள் பல இவ்வெல்லையைக் கடந்தமை ஆய்வுகளாற் புலனாயிற்று. அத்தகைய நீர், பச்சிளங் குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லுந் திறனைக் குறைக்கவல்லது.

ஆதலின், எஞ்சும் நைதரசனையும் ஒரு செலவாகக் கொண்டு, ஃபாரலின் வழியிலேயே கமங்களை ஒப்பிடும் முறை பின்னர் எழுந்தது. ஒத்த மண்ணில் ஒத்த விளைவைக் குறைந்த எச்சத்தோடு பெறுங் கமமே சூழல் வினைத்திறன் மிக்கது.

இதனாற் பசளையை முற்றாக ஒழித்தல் நன்றென்று கொள்ளலாகாது. 2021ஆம் ஆண்டில் இலங்கையிற் செயற்கைப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது; அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. தேவைக்கு மேற்பட்டது எவ்வளவு என்பதை அளந்தறிந்து குறைத்தலே தக்கது. இட்ட பசளையின் நிறையையும் பெற்ற விளைவின் நிறையையும் தோட்டந்தோறும் குறித்து வைத்தல் அதற்கு முதற்படியாகும். அக்குறிப்பு, கமக்காரனின் பணத்தையும் அயலவரின் கிணற்றையும் ஒருங்கே காக்கும்.