கட்டவிழ்ந்த மரபணு

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டதாகவே நம் ஜனங்களில் பலர் எண்ணுகின்றனர். பூர்வ ஜன்ம பாவத்தின் பலன் என்று கூறுவோர் ஒருபுறம். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி ரோகியை ஒதுக்கி வைப்போர் மற்றொருபுறம். இவ்விரு எண்ணங்களுக்கும் ஆதாரம் இல்லை. தேகத்தின் வளர்ச்சியை ஒழுங்கு செய்யும் பொருட்டு நமக்குள்ளேயே அமைந்திருக்கும் மரபணுக்கள் பழுதுபடுவதே இந்நோயின் மூலம். இவ்வுண்மையை ஐயமற ஸ்தாபித்துக் காட்டிய வியாதி ஒன்று உண்டு. அதன் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் நமது சென்னையிலேயே நடைபெற்றதாதலின், நேயர்கள் அதனை அறிந்திருத்தல் அவசியமாகும்.

நாட்பட்ட மைலாய்டு லுகீமியா என்பது ரத்தத்தின் வெள்ளணுக்கள் வரம்பின்றிப் பெருகும் ஒருவகைப் புற்றுநோய். 1960ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்போர்டு என்ற இருவர், இந்நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்திற்கு மாறாகச் சிறுத்த ஒரு குரோமோசோமைக் கண்டனர். அத்தகைய மாறுதல் நோயின் விளைவேயன்றிக் காரணமாகாது என்பதே அக்காலத்துப் பலரின் அபிப்பிராயம். 1973இல் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேனட் ரௌலி அம்மையார் உண்மையை வெளிப்படுத்தினார். ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவது குரோமோசோமும் முறிந்து, தத்தம் துண்டுகளைப் பரிமாறிக் கொண்டிருந்தன.

இடம் பெயர்ந்த துண்டில் இருந்தது ஏபிஎல் என்னும் மரபணு. இது பிறப்பிக்கும் புரதம் ஒரு நொதி. மற்றப் புரதங்களின் மீது பாஸ்பேட்டை ஏற்றி, அணு வளர்வதற்கான கட்டளைகளைக் கடத்துவது அதன் தொழில். சாதாரண நிலையில் அந்நொதி தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அதன் தலைப்பகுதி மடிந்து, அதன் உடலிலுள்ள ஒரு குழியில் பொருந்தி, அதனை அடக்கி வைக்கிறது. தக்க உத்தரவு வந்தால்தான் பூட்டுத் திறக்கும். ஏபிஎல் முறிந்து பிஸிஆர் என்ற வேறொரு மரபணுவுடன் இணையும்போது அத்தலைப்பகுதி போய்விடுகிறது. வாரண்டு கிடைத்தாலன்றிச் செயல்படக்கூடாத அதிகாரி, எவருடைய உத்தரவுமின்றி இரவு பகலாகக் கட்டளையிட்டால் ராஜ்யம் என்னவாகும்? எலும்பு மஜ்ஜையில் நிகழ்வது அதுவே. 1990இல் இந்த இணைப்பு மரபணுவைச் சுண்டெலிகளின் மஜ்ஜையில் புகுத்தியபோது அவற்றுக்கும் இதை ஒத்த நோய் உண்டாயிற்று. வழக்கு நிரூபணமாயிற்று.

இங்கு ஒரு விஷயத்தை அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். இம்மாறுதல் பிறந்த பின்னர் மஜ்ஜையின் ஒரே அணுவில் நேர்வது; பெற்றோரிடமிருந்து வருவதன்று, பிள்ளைகளைச் சேர்வதுமன்று. எனவே, இந்நோய் கண்டவரின் குடும்பத்தில் பெண் கொடுக்கவோ எடுக்கவோ தயங்குவது அறியாமையேயாகும்.

குற்றவாளி இன்னானென்று தெரிந்ததும், அவனை மட்டும் கட்டும் மருந்தைத் தேட வழி பிறந்தது. ஸ்விட்சர்லாந்துக் கம்பெனியொன்றில் நிக்கலஸ் லைடனும் அவருடைய சகாக்களும் உண்டாக்கிய இமாட்டினிப் என்னும் மருந்தை, 1998 முதல் டாக்டர் பிரையன் டிரக்கர் முதலியோர் ரோகிகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். தக்க அளவில் மருந்துண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த நிலை சீராயிற்று. 2001 மே மாதம் அமெரிக்க சர்க்கார் அதற்கு அனுமதி அளித்தது. ஆதியிலிருந்தே இம்மருந்தைப் பெற்றவர்களைப் பற்றிய பெரிய ஆராய்ச்சியொன்றில், பத்து வருஷங்களுக்குப் பின்னர் 100க்கு 83 பேர் உயிருடன் இருந்ததாக 2017இல் வெளியாயிற்று. சிலரிடம் அந்நொதி மேலும் மாறுதலடைந்து மருந்துக்கு வசப்படாமற் போவதுண்டு. அதற்கென வேறு மருந்துகள் வந்துள்ளன. அவற்றுள் 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அசிமினிப், இயற்கையின் பூட்டுப் பொருந்தும் அதே குழியில் போய்ப் பொருந்துகிறது.

இனி நமது ஊர்ச் சங்கதி. 1998இல் நோவார்ட்டிஸ் கம்பெனியார் இமாட்டினிப் மெஸிலேட்டின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரிச் சென்னைக் காரியாலயத்தில் மனுச் செய்தனர். அவர்களுடைய மருந்தின் விலை அக்காலத்தில் ஒருவருக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்தியக் கம்பெனிகள் செய்ததோ சுமார் 8,000 ரூபாய். 2006இல் மனு நிராகரிக்கப்பட்டது. அறிந்த பொருளின் புதிய வடிவம் அதிகப் பலன் தந்தாலன்றிக் காப்புரிமை இல்லை என்னும் 3(டி) ஷரத்தே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அவர்கள் வாதாடினர். 2007இல் சென்னை ஹைக்கோர்ட்டு அதனை ஏற்கவில்லை. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி ஸுப்ரீம் கோர்ட்டு இறுதித் தீர்ப்பளித்தது: மருந்தின் விஷயத்தில் பலன் என்பது நோயைத் தீர்க்கும் பலனே, படிகத்தின் மற்றக் குணங்கள் போதா.

புதிது கண்டவன் பலனடைய வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. கம்பெனியார் ரோகிகள் பலருக்கு மருந்தை இலவசமாக அளித்ததையும் மறக்கவில்லை. ஆயினும் தர்மம் வேறு, உரிமை வேறு. ஒருவருடைய தயவில் உயிர்வாழ்வதும் நியாய விலைக்கு வாங்கி உயிர்வாழ்வதும் ஒன்றாகா. மேலும், இம்மருந்தின் அஸ்திவாரம் நாற்பது வருஷ காலம் சர்வகலாசாலைகளில் பலர் தேடிச் சேர்த்த பொது அறிவாகும். அதன் மீது எழுந்த மாளிகைக்கு ஏழை நுழைய முடியாத வாயில் வைப்பது நீதியாகாது.

எல்லாப் புற்றுநோய்களும் இவ்வளவு எளியவை அல்ல. பெரும்பாலானவற்றில் பல மரபணுக்கள் ஒருங்கே பழுதுபடுகின்றன. மருந்து தேடுவதும் அவ்வளவுக்குக் கடினமாகிறது. புதிய மருந்துகள் வருந்தோறும் பழைய விலைப் பிரச்னையும் கூடவே வரும். ஆதலின் 3(டி) ஷரத்தைத் தளர்த்த எவர் முயன்றாலும் சர்க்கார் இணங்கலாகாது. காரணமற்ற களைப்பு, உடல் மெலிவு, இடது விலாவின் கீழ் வீக்கம் இவை தோன்றினால் ஜனங்கள் தாமதியாமல் ரத்தப் பரீட்சை செய்துகொள்ள வேண்டும். வியாதியைக் காலத்தில் கண்டறியாவிடின், கோர்ட்டில் வென்ற மலிவு மருந்தாலும் பயனில்லை.